சந்தை திறக்குமுன்

மஞ்சூர்த் தேயிலை குன்னூர் ஏலத்தில் விலைபோவதை அறிவீர்கள். பங்குகளுக்கும் காலை 9 மணிக்கு ஓர் ஏலம் உண்டு. முன்திறப்பு அமர்வு எனப்படும் இம்முறை 2010 அக்டோபர் 18-இல் இந்தியாவில் தொடங்கிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. 102 ரூபாய் வரை கொடுத்து 300 பங்குகளும், 100 ரூபாய் வரை கொடுத்து 500 பங்குகளும் வாங்க ஆளுண்டு. 99 ரூபாய்க்கு 400 பங்குகளும், 100 ரூபாய்க்கு 300 பங்குகளும் விற்பனைக்கு வந்துள்ளன. 100 ரூபாய் விலையில் 700 பங்குகள் கைமாறும். வேறெவ்விலையிலும் அத்துணை கைமாறா. ஆகவே, அதுவே தொடக்க விலை. 102 கொடுக்க முன்வந்தவரும் 100 கொடுத்தாற் போதும்.

ஆயினும், ஏடு மூடும்வரை எவரும் தம் கோரிக்கையை விலக்கிக்கொள்ளலாம். 500 பங்குகள் கேட்டவர் விலகினால், கைமாறுவது 300 பங்குகளாகச் சுருங்கும். இவ்வாறு பொய்த் தேவை காட்டுவோரைத் தடுக்கவே, ஏடு மூடும் நொடி முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. எனவே, ஏட்டின் பெருந்தொகையை மட்டும் நம்பிக் குடும்பச் சேமிப்பை இடுதல் தகாது.