எம்ஜிபி காரின் முன்பக்கத்தில் ‘டொக்’ சத்தமா?

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். இன்றும் அதை ஆசையாக வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்களைப் பாடாய்ப் படுத்துவது முன்பக்கத்திலிருந்து வரும் ‘டொக்’ சத்தம். பலரும் உடனே புஷ், ஷாக் அப்சார்பர் என்று எல்லாவற்றையும் வாங்கி மாற்றுகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. அது எப்போது வருகிறது என்று முதலில் குறித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

பள்ளத்தில் இறங்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதா, ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதா? கடைசியாகச் சொன்னதற்கும் பிரேக்குக்கும் ஒரே ஒரு ‘டக்’ வந்தால், கார் கம்பிச் சக்கரம் போட்டதாக இருந்தால், சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். சக்கரமும் ஹப்பும் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் இடத்தில் தேய்மானம் இருக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கட்டும். ஹப் நிற்க, சக்கரம் மட்டும் அசைந்தால் சந்தேகமே இல்லை. நடு நட் தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும். பற்கள் தேய்ந்திருந்தால் ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் அதையும் தின்றுவிடும்.

இனி சஸ்பென்ஷன். 1947-இல் வந்த எம்ஜி ஒய் டைப் காருக்காக அலெக் இசிகோனிஸ் (பின்னாளில் மினி காரை வடிவமைத்தவர்) ஜாக் டேனியல்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய அமைப்புதான் கொஞ்சம் மாறி எம்ஜிபி வரை வந்தது. இதில் ஷாக் அப்சார்பர் குழாய் வடிவில் இருக்காது. எண்ணெய் நிரம்பிய ஒரு பெட்டி. அதிலிருந்து நீளும் கைதான் மேல் விஷ்போன். அதனால் அந்தப் பெட்டியின் போல்ட்டுகள் தளர்ந்தாலோ, உள்ளே தண்டு ஆடினாலோ, ஒவ்வொரு குழிக்கும் சத்தம் கேட்கும். ஸ்பேனரைப் போட்டு அந்த போல்ட்டுகளை முதலில் பாருங்கள், காசில்லாத வேலை.

அதிகம் கவனிக்க வேண்டியது கிங்பின், அதாவது ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்சக்கரம் திரும்பும் அச்சு. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின்னோ, அதன் அடிமூட்டோ தேய்ந்திருக்கிறது. பேரிங்கை ஷிம் வைத்துச் சரிசெய்யலாம், அங்கே 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கிங்பின் என்றால் வேலை பெரிது. புது புஷ் அடித்தபின் ரீமர் விட்டுத் துளையை ஒரே நேர்கோட்டில் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இது லேத் பட்டறை வேலை, வீட்டில் முயல வேண்டாம்.

கிங்பின் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டினி. ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். சக்கரம் தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் முகத்துக்கு கிரீஸ் போகாது. காரைத் தூக்கிவிட்டு, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். பார்க்கிங்கில் திருப்பும்போது முனகலும், ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராத சோம்பலும் இருந்தால் கிங்பின் காய்ந்துகிடக்கிறது என்று அர்த்தம்.

கீழ் விஷ்போன் உள்முனை புஷ் ரப்பர்தான். நைந்துபோனால் பள்ளத்தில் மந்தமாக இடிக்கும். எம்ஜிபி ஜிடி வி8 காரின் உலோக உறையிட்ட புஷ் இதில் பொருந்தும். நெடுநாள் உழைக்கும், என் ஓட்டு அதற்கே. ஆனால் கார் தன் எடையில் சக்கரத்தில் நின்ற பிறகே அதைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் போட்டவர்கள் சிலிக்கான் கிரீஸ் தடவவில்லையென்றால் பழைய சத்தம் போய் ‘கிரீச்’ வரும்.

குறுக்குப் பட்டியின் (ஆன்டி ரோல் பார்) இணைப்புக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு அங்கேதான். பிரேக்கில் மட்டும் இடித்தால், முன் கிராஸ்மெம்பரைத் தாங்கும் ரப்பர் அட்டைகளையும் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் சொட்டி அவை ஊறிப்போயிருக்கலாம்.

ஸ்பிரிங்கைக் கழற்ற நேர்ந்தால், அதன் அடித்தட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங் முழுக்கத் தளரும்வரை மெல்ல இறக்குங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். திரும்பப் பூட்டும்போது ஸ்பிலிட் பின்களைப் புதிதாகவே போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.