ஆய்வகத்தில் முதிரும் வெள்ளாட்டு முட்டையணு

இறைச்சிக் கூடத்தில் பெண் வெள்ளாடு அறுக்கப்படும்பொழுது, அதன் சினைப்பைகள் பெரும்பாலும் கழிவோடு கழிவாய்ப் போகின்றன. புளியங்கொட்டையினும் சற்றே பெரிதான அவ்வுறுப்பினுள் ஆயிரக்கணக்கான முட்டையணுக்கள் அடங்கியுள்ளன. இவை பெண்குட்டி பிறக்குமுன்னரே உண்டாகிவிட்டவை. ஆயினும், சுமார் 21 நாட்களுக்கொருமுறை வரும் சினைப்பருவத்தில் வெளிப்படுபவை ஒன்று முதல் மூன்று வரையே. ஏனையவற்றுட் சிலவற்றை மீட்டுக் குட்டியாக்க இயலுமா என்பதே ஆராய்ச்சியாளரின் வினா.

வெள்ளாட்டின் உடல் உயிரணுக்களில் 60 குரோமோசோம்கள் உண்டு. விந்தணுவோடு சேருமுன் முட்டையணுவில் இவ்வெண்ணிக்கை 30 ஆகக் குறைதல் வேண்டும். இதற்கான பிரிவினை தொடங்கி, இடையிலேயே நின்றுவிடுகிறது. முட்டையணுவைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களினின்று வரும் பொருள்களே அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. முயலின் முட்டையணுவை அதன் அறையினின்று பிரித்தெடுத்தால் நின்ற பிரிவினை தானே தொடர்கிறது என்பதை 1935-ஆம் ஆண்டில் பிங்கஸ், என்ஸ்மன் என்போர் கண்டனர். 1965-இல் ராபர்ட் எட்வர்ட்ஸ், பசு, செம்மறியாடு, பன்றி, மனிதர் முதலியவற்றின் முட்டையணுக்களிலும் இது நிகழ்தலைக் காட்டினார்.

ஆய்வகத்தில், சினைப்பையின் மேற்புறத்திலுள்ள 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான நீர்க்கொப்புளங்களினின்று ஊசியால் முட்டையணுக்களை உறிஞ்சி எடுப்பர். (இக்கொப்புளங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிவன; ஆசிரியர்கள் மாணாக்கருக்கு எளிதிற் காட்டலாம்.) சுற்றிலும் உயிரணுப் படலங்கள் நெருங்கியிருப்பவற்றையே தேர்ந்து, ஹார்மோன்களும் சீரமும் கலந்த ஊட்டத் திரவத்தில், 38.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், 5 சதவீதம் கரியமிலவாயு கலந்த காற்றில் வைப்பர். 24 முதல் 27 மணி நேரத்தில், ஊறிய திருநீற்றுப்பச்சிலை விதையைச் சுற்றி வழுவழுப்பு விரிவதுபோல அப்படலங்கள் விரிகின்றன. முட்டையணு, பாதிக் குரோமோசோம்களைத் துருவ உடலம் என்னும் சிறு குமிழாக வெளித்தள்ளுகிறது.

இக்குமிழைக் கண்டதும் காரியம் முடிந்ததென எண்ணலாகாது. முதிர்ந்தது உட்கருவே. அதனைச் சூழ்ந்த குழம்பும் முதிர்தல் வேண்டும். கருவின் முதல் நாட்களுக்கு வேண்டிய புரதங்களும், அவற்றை ஆக்குதற்குரிய செய்திகளும் அதில் சேமிக்கப்படுகின்றன. இரண்டாவது விந்தணு நுழையாமற் காக்கும் நுண்துகள்கள் அதன் விளிம்பில் வந்து அமைகின்றன. புகைமூட்டிப் பழுக்கவைத்த வாழைத்தார் நிறத்தில் குறையின்றி, உள்ளே காயாகவே இருத்தலுண்டு. ஆய்வக முட்டையணுவும் பலவேளை அத்தகையதே. ஆகவே, கருவுற்றவற்றுள் ஏழெட்டு நாட்கள் வளர்ந்து, வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கத் தகுதி பெறுபவை சிறுபான்மையே.

நம் நாட்டில், மதுரா மாவட்டம் மக்தூமில் 1979-இல் நிறுவப்பெற்ற மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைத்து வருகிறது. காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2012 மார்ச் 9 அன்று பிறந்த நூரி என்னும் பஷ்மினா ஆடு, உட்கரு நீக்கிய முட்டையணுவில் மற்றோர் ஆட்டின் உடலுயிரணுவைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. அம்முறைக்கும் முதிர்ந்த முட்டையணுவே அடிப்படை.

கன்னி ஆடாயினும், புனே வட்டாரத்துச் சங்கம்நேரி ஆடாயினும், சிறந்த தாய்ஆடு ஒன்று திடீரென மடிந்தால் அதன் வழியைக் காக்க இம்முறை உதவக்கூடும். அதற்குச் சினைப்பைகள் வெதுவெதுப்பான உப்புநீரில், தெர்மாஸ் குடுவையில், சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரவேண்டும். பனிக்கட்டியிற் புதைத்து அனுப்புதல் கூடாது. கடுங்குளிர் முட்டையணுவின் உள்ளமைப்பைக் குலைத்துவிடும்.