பெட்டிக்குள் பட்டரி, பேப்பரில் வேறு பெயர்!

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. புறக்கோட்டையில் உள்ள என் கடைக்குச் சீனாவிலிருந்து எண்ணூறு பவர் பேங்க் விமானத்தில் வரவேண்டும். வெளியூர் வியாபாரிகளிடம் முற்பணமும் வாங்கியாகிவிட்டது. சாமான் வரவில்லை. ஏஜன்டின் தொலைபேசி அழைப்புத்தான் வந்தது.

"முதலாளி, உங்கட சாமான டிரான்சிட்ல பிடிச்சிட்டாங்க. பேப்பர்ல ஒண்டு, பெட்டிக்குள்ள இன்னொண்டாம்."

பேப்பரில் இருந்தது 'மொபைல் எக்சஸரிஸ்'. எழுதியவர் சீனாவில் சாமான் அனுப்பியவர். ஆனால் பழியை அவர் தலையில் மட்டும் போட என் மனம் இடம் தரவில்லை. எப்படி எழுதுவது என்று அவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். "வழமை போல எழுதுங்கள், சீக்கிரம் வந்தால் போதும்" என்று பதில் அனுப்பியவன் நான்தான்.

அந்த ஒரு வரிக்கு நான் தண்டம் கட்டினேன், களஞ்சிய வாடகை கட்டினேன், பிறகு கப்பல் கூலியும் கட்டினேன். ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்த பிறகே சாமான் கடைக்கு வந்தது. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர் அதற்குப் பிறகு என் கடைப் படி ஏறவேயில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் தேடிப் படித்தேன். லித்தியம் அயன் பட்டரியைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்தில் ஏற்றுவதானாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பவர் பேங்க் பார்வைக்கு ஒரு கருவி போல இருந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது பட்டரியே.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து ஜேர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட யூ.பி.எஸ். சரக்கு விமானம் நடுவானில் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அதில் பெருந்தொகையான லித்தியம் பட்டரிகள் இருந்தன. அவற்றில் சில, 9ஆம் வகுப்பு ஆபத்தான சரக்காக அறிவிக்கப்பட வேண்டியவை. அறிவிக்கப்படவில்லை என்பதை விசாரணை வெளிக்கொண்டு வந்தது.

நம் கடலிலும் பார்த்தோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் கசிந்தது பட்டரியல்ல, நைத்திரிக் அமிலம். கசிவது என்னவென்று கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்த சரக்கே அந்தப் பாடுபடுத்தியது என்றால், பெயர் மறைத்து ஏற்றிய சரக்கு என்ன செய்யும்?

சரி, எப்படி எழுதுவது? நாம் கடையில் சொல்லும் பெயர் செல்லாது. நான்கு இலக்க யூ.என். எண், விதிப்படியான கப்பற் பெயர், வகுப்பு ஆகிய மூன்றும் இந்த வரிசையிலேயே வரவேண்டும். லித்தியம் அயன் பட்டரி தனியாக வந்தால் 3480. கருவிக்குள்ளோ கருவியோடு சேர்த்தோ வந்தால் 3481. சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் உலோகப் பட்டரி தனியாக என்றால் 3090, கருவியோடு என்றால் 3091. இவை நான்கும் 9ஆம் வகுப்பு. அமிலம் நிரப்பிய வாகனப் பட்டரி 2794, சிந்தாத வகை 2800. இவ்விரண்டும் அரிக்கும் பொருட்களுக்கான 8ஆம் வகுப்பு.

இங்கே பலர் குழம்புவதைக் காண்கிறேன். சுங்கத்துக்குக் கொடுக்கும் 8507.60 என்ற எண் வரிக்கானது. யூ.என். எண் பாதுகாப்புக்கானது. ஒன்றை எழுதிவிட்டால் மற்றது தேவையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது வோட்-அவர் கணக்கு. வோல்ட்டை அம்பியர்-அவரால் பெருக்கினால் போதும். 20,000 மில்லி அம்பியர்-அவர் என்றால் 20 அம்பியர்-அவர். அதை 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வோட்-அவர். 100 வோட்-அவருக்கு உட்பட்ட சிறிய பட்டரிகளுக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் 2022 முதல், தனியாக வரும் லித்தியம் பட்டரி எவ்வளவு சிறியதானாலும் ஆபத்தான சரக்குப் பிரகடனம் இல்லாமல் விமானத்தில் ஏறாது.

பணம் அனுப்புமுன் 38.3 பரிசோதனைச் சுருக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். 2020 ஜனவரி முதல், உற்பத்தியாளர் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். தர மறுப்பவரிடம் மலிவு இருக்கலாம், வியாபாரம் வேண்டாம். பழுதான, வீங்கிய பட்டரிகளைத் திருப்பி அனுப்புவோரும் கவனிக்க வேண்டும். அவற்றை விமானத்தில் அனுப்பவே முடியாது.

கப்பலும் விமானமும் மட்டும்தானா? காத்தான்குடிக்கோ அக்கரைப்பற்றுக்கோ லொறியில் ஏற்றும்போதும் துண்டில் 'சாமான்' என்று எழுதி அனுப்புகிறோம். இரவு முழுவதும் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து ஓட்டுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? கனமான பெட்டியை மேலே அடுக்குவதும், கவிழ்த்து வைப்பதும் தெரியாமையால்தான்.

சரியான பெயரை எழுதினால் கூலி கூடும் என்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூலி முன்கூட்டியே தெரிந்த செலவு. விலையில் போட்டுக்கொள்ளலாம். பிடிபட்டால் வரும் செலவை எந்த விலையில் போடுவது? தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் எடுத்துப் பார்ப்பதும் அந்தப் பேப்பரைத்தான்.

இப்போது நான் ஓடர் அனுப்பும்போது முதல் வரியிலேயே யூ.என். எண்ணையும் பெயரையும் எழுதிவிடுகிறேன். இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், ஏர்வே பில் எல்லாவற்றிலும் அதே சொல் இருக்கிறதா என்று சாமான் ஏறுமுன் பிரதியை வாங்கி ஒப்பிடுகிறேன். கால் மணி நேர வேலைதான். 2016இல் அந்தக் கால் மணி நேரம் எனக்கு இருக்கவில்லை.