கழிவுநீர்க் குளத்தில் விருந்தாளிகள்

கழிவறையில் ஃப்ளஷ் பண்ணினதும் தண்ணீர் எங்கே போகுது தெரியுமா? ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரத்துக் கழிவுநீரில் ஏறத்தாழ பாதி, வெரிபீ என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள மேற்கு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது.

போன மார்ச் மாதம் நாங்கள் அங்கே பறவை பார்க்கப் போனோம். "சீ, நாறுமே அம்மா!" என்றாள் என் மகள். கொஞ்சம் நாறத்தான் செய்தது. ஆனால் முதல் குளத்தில் கருப்பு அன்னங்களைப் பார்த்ததும் அவள் நாற்றத்தை மறந்துவிட்டாள்.

பறவைகள் ஏன் அங்கே வருகின்றன?

பெரிய பெரிய குளங்களில் கழிவுநீர் மெதுவாக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கின்றன. அந்தத் தண்ணீரில் பாசியும் பூச்சிகளும் நிறைய வளரும். பக்கத்திலேயே கடற்கரைச் சேறு, அதில் புழுக்கள். பறவைகளுக்கு இது பெரிய விருந்து! ஏறத்தாழ 300 வகைப் பறவைகளை அங்கே பார்த்திருக்கிறார்கள்.

அவற்றில் ஒன்று செங்கழுத்து உள்ளான். எடை சுமார் 30 கிராம். ஆஸ்திரேலியாவின் 50 சென்ட் நாணயம் இரண்டைக் கையில் வைத்துப் பாருங்க, அவ்வளவுதான்! இந்தக் குட்டிப் பறவை ரஷ்யாவின் வடக்கே, சைபீரியாவில் முட்டையிடும். பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியா வரும். மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும். அதற்கு முன் நிறையச் சாப்பிட்டு உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். அந்தக் கொழுப்புதான் அதற்குப் பெட்ரோல்.

நாங்கள் செய்த தவறு

ஒரு குளக்கரையில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. கிட்டப் போய்ப் பார்க்கும் ஆசையில் நான் கார்க் கதவைப் படாரென்று திறந்தேன். அவ்வளவுதான், எல்லாம் ஒன்றாகப் பறந்துவிட்டன! "அம்மா, அவங்க பெட்ரோலை நாம வீணாக்கிட்டோமா?" என்று மகள் கேட்டாள். ஆமாம், வீணாக்கிவிட்டோம். நான்தான் வீணாக்கினேன்.

நீங்கள் போனால்

1. முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். அது பூங்கா இல்லை, ஆட்கள் வேலை செய்யும் இடம். லாரி போகும் வழியில் காரை நிறுத்தாதீர்கள்.
2. காருக்குள் இருந்தே பாருங்கள். பறவைகள் காரைவிட மனிதரைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படும்.
3. பறவைகள் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், மெதுவாகப் பின்னால் போங்கள். "கிட்ட வராதே" என்று அவை சொல்கின்றன.
4. குளத்துத் தண்ணீரைத் தொடாதீர்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
5. நாய்க்குட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குப்பையை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

வீட்டுக்கு விருந்தாளி வந்து சாப்பிடும்போது நாம் தொந்தரவு செய்வோமா? மாட்டோம். உள்ளானும் தூரத்தில் இருந்து வந்த விருந்தாளிதான். நிம்மதியாகச் சாப்பிடட்டும், பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும்.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊரில் பறவைகள் கூடும் இடம் எது? அங்கே போகும்போது நீங்கள் என்னென்ன செய்யக் கூடாது?