வெந்நீர்த் தொட்டியும் சமையலறை ஸ்டூலும்

எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைக் கண்டுபிடிக்க டாக்டர்களிடம் ஒரு முரட்டு வழி இருந்தது. சந்தேகத்துக்கு உரியவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைப்பார்கள். பார்வை மங்கினாலோ கால் துவண்டாலோ எம்.எஸ். என்று முடிவு கட்டுவார்கள். உடம்பை வருத்தி உழைத்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தாஃப் 1890இலேயே எழுதி வைத்திருந்தார்; காரணம் உடம்பின் சூடு என்பது பின்னால்தான் தெரிந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடுகிறது. உறை தேய்ந்த நரம்பு சூட்டில் தடுமாறும். உடம்பு ஆறினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும்.

அன்றைய அறிவுரையும் முரட்டுத்தனம்தான்: அலட்டிக்கொள்ளாதே, படுத்திரு. படுத்தே கிடந்ததில் நோய் தொடாத தசைகளும் வலுவிழந்தன. 1993இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. 1996இல் வெளியான யூட்டா பல்கலைக்கழக ஆய்வு, 15 வார ஏரோபிக் பயிற்சி இவர்களுக்கு நன்மையே செய்கிறது என்று காட்டியது. அந்தப் படுக்கை உத்தரவு மெல்லத் தளர்ந்தது.

இந்த நோயின் களைப்பைச் சமாளிக்கக் கற்றுத்தரும் இன்றைய பயிற்றுநர் முதலில் கேட்பது நாட்குறிப்பைத்தான். எழுந்தது முதல் படுத்தது வரை என்ன செய்தீர்கள், எப்போது கை ஓய்ந்தது? சென்னையில், மே மாதத்தில், கேஸ் அடுப்பின் முன் நிற்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். (இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது, அதுவும் பெண்களுக்கே அதிகம்.) தலைக்குக் குளிக்கும் காலையில் பெரிய சமையல் வேண்டாம். காய் முந்தைய இரவே நறுக்கியாகட்டும். மேடையருகே உயரமான ஸ்டூல், கழுத்தில் ஈரத்துண்டு, குளிக்க ஆறிய தண்ணீர். களைப்பு வந்தபின் படுப்பதைவிட, வருமுன்னே பத்து நிமிடம் உட்கார்வது மேல்.

இதெல்லாம் சுலபம். “அத்தை, குக்கரை நீங்க இறக்கிடுங்க” என்று வாய்விட்டுக் கேட்பதுதான் கஷ்டம். “பார்க்க நல்லாத்தானே இருக்கே?” என்று பதில் வந்தால் அடுத்த முறை கேட்கவே தோன்றாது. அதனால் நல்ல பயிற்றுநர் அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். பெரிய ஊர்களுக்கு வெளியே அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.

இந்தியாவின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மாற்றுத்திறன் வகைகள் 7. 2016 சட்டத்தில் 21. எம்.எஸ்.ஸின் பெயர் இரண்டாவதில்தான் ஏறியது. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். காலையில் நடந்து வந்து டாக்டர் முன் நிற்பவரின் பிற்பகல் சோர்வை எப்படி அளப்பது? மேலாளரிடம் வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றித் தரும்படி கேட்கப் போகும்போது, கையில் அந்த நாட்குறிப்பு இருந்தால் பேச்சு கொஞ்சம் எடுபடும்.