உங்களுக்குத் தெரியுமா? – இந்த முறை நோபல் யாருக்கு?

ஒக்டோபர் பிறந்தால் வாசகர்களுக்கு ஒரு காய்ச்சல் பிடிக்கும். இலக்கிய நோபல் யாருக்கு? அறிவிப்பு வரும்வரை ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், வந்தபிறகு பாதிப்பேர் "யார் இவர்?" என்று கேட்பார்கள். நோர்வூட் சந்தியில் பொகவந்தலாவ பஸ்ஸுக்கோ மஸ்கெலியா பஸ்ஸுக்கோ நிற்கிறவர்களுக்காகக் கொஞ்சம் துணுக்குகள். வாசித்துவிட்டு நீங்களும் ஒரு பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்.

எப்போது, எப்படி?

★ அறிவிப்பு பெரும்பாலும் ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வரும். ஸ்டொக்ஹோமில் பகல் 1 மணி என்றால் நமக்கு மாலை 4.30. தோட்டங்களில் அந்திக் கொழுந்து தராசில் ஏறுகிற நேரம். சுவீடிஷ் அகடமியின் நிரந்தரச் செயலாளர் கதவைத் திறந்து வெளியே வந்து பெயரை வாசிப்பார். அவ்வளவுதான், இரண்டு நிமிடத்தில் ஒரு வருட ஊகம் முடிந்துவிடும்.

★ அகடமியை 1786இல் தொடங்கியவர் மன்னர் மூன்றாம் குஸ்தாவ். உறுப்பினர்கள் 18 பேர். பரிந்துரைகள் ஜனவரி 31க்குள் போய்ச் சேர வேண்டும். சுமார் 200 பெயர்கள் கோடைக்கு முன் ஐந்தாகச் சுருங்கும். கோடை முழுவதும் அந்த ஐவரின் புத்தகங்களை வாசித்துவிட்டு ஒக்டோபரில் வாக்களிப்பார்கள். பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால் பரிசு.

★ முதன்முறை இறுதிப் பட்டியலுக்கு வருகிறவருக்கு அந்த வருடமே பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கிற்கு 1938இல் சட்டென்று கொடுத்துவிட்டுப் பிறகு யோசித்த அகடமி, இப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது.

★ பரிசுத் தொகை 1 கோடி 10 இலட்சம் சுவீடிஷ் குரோணர். நம் காசில் 30 கோடி ரூபாவைத் தாண்டும். கூடவே ஒரு தங்கப் பதக்கமும் பட்டயமும்.

★ "இந்த வருடப் பட்டியலில் இன்னார் இருக்கிறார்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். புக்கர் பரிசுக்காரர்கள் முதலில் 13 நாவல்களையும் பிறகு 6 நாவல்களையும் வெளிப்படையாக அறிவிப்பார்கள். நோபலில் யார் பரிந்துரைக்கப்பட்டார் என்பது 50 வருடம் பூட்டி வைக்கப்படும் இரகசியம்.

★ அந்தப் பூட்டுத் திறக்கும்போது சுவாரசியம்தான். 1961ஆம் ஆண்டுக் கோப்பைத் திறந்தபோது, 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனை சி. எஸ். லூயிஸ் பரிந்துரைத்திருந்ததும், அவருடைய உரைநடை போதாது என்று குழு ஒதுக்கியிருந்ததும் தெரியவந்தது. அந்த வருடம் பரிசு யூகோஸ்லாவியாவின் ஈவோ அந்திரிச்சுக்குப் போனது.

பந்தயக்காரர் கணக்கு

★ பிரித்தானியாவில் குதிரைக்குப் பணம் கட்டுவதைப் போலவே நோபலுக்கும் பணம் கட்டுகிறார்கள். 'லாட்புரோக்ஸ்' போன்ற நிறுவனங்கள் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் விகிதம் போட்டுப் பட்டியல் விடும். பத்திரிகைகள் "முன்னணியில் இருப்பவர்" என்று எழுதுவது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். அகடமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

★ 2013இல் நோர்வே எழுத்தாளர் யோன் பொஸ்ஸேயின் பெயரில் திடீரென்று பணம் குவிந்தது. நிறுவனம் மிரண்டுபோய்ப் பந்தயத்தையே நிறுத்தியது. பரிசு வென்றவரோ கனடாவின் அலிஸ் மன்றோ. பொஸ்ஸேக்குக் கிடைத்தது பத்து வருடம் கழித்து, 2023இல்.

★ 2016இல் பாடகர் பொப் டிலனுக்கு விகிதம் 50க்கு 1. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிசு அவருக்கே கிடைத்தது. அவரோ இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை.

★ 2024இல் பந்தயப் பட்டியலின் முதலிடத்தில் சீனாவின் சான் சுவே. வென்றவர் தென் கொரியாவின் ஹான் காங்; இலக்கிய நோபல் பெற்ற முதல் ஆசியப் பெண். அவருடைய நாவல் அதற்கு முன்பே 'மரக்கறி' என்ற பெயரில் தமிழுக்கு வந்திருந்தது.

★ தோக்கியோவின் செண்டகாயாவில் ஒரு சிறிய கோயில் உண்டு. ஹருகி முரகாமி இளமையில் ஜாஸ் மதுக்கடை நடத்திய பகுதி அது. நோபல் அறிவிப்பன்று அவருடைய ரசிகர்கள் அங்கே கூடிக் காத்திருப்பார்கள்; ஒவ்வொரு வருடமும் ஏமாந்து திரும்புவார்கள். 2017இல் மட்டும் கைதட்டல் எழுந்தது. வென்றவர் நாகசாக்கியில் பிறந்த கசுவோ இஷிகுரோ.

★ பல வருடம் பந்தயக்காரர்களின் செல்லப் பெயர் கென்யாவின் கூகி வா தியாங்கோ. சிறைக்குள் கழிப்பறைத் தாளில் தன் தாய்மொழியான கிக்குயுவில் அவர் எழுதிய நாவலைத் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வாசிக்கிறோம். 2025 மே மாதம் அவர் காலமானார். இறந்தவருக்குப் புதிதாகப் பரிசளிக்க விதி இடம் கொடுப்பதில்லை.

★ 1963இல் நோபல் தனக்குக் கிடைக்கலாம் என்று வானொலி சொல்லக் கேட்ட சிலிக் கவிஞர் பாப்லோ நெரூடா, சாப்பாட்டுச் சாமான்களை வாங்கி வைத்துக்கொண்டு கடற்கரை வீட்டின் கேற்றுக்குப் பூட்டுப் போட்டார். பத்திரிகைக்காரர்கள் வெளியே முகாமிட்டார்கள். பரிசு கிரேக்கக் கவிஞர் செபெரிசுக்கு. நெரூடாவின் முறை 1971இல்தான் வந்தது.

★ தனக்குப் பரிசு வரலாம் என்று பத்திரிகையில் பார்த்த பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர், "வேண்டாம்" என்று முன்கூட்டியே அகடமிக்குக் கடிதம் போட்டார். கடிதத்தை உரிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. 1964இல் அவருக்கே பரிசை அறிவித்தார்கள். அவர் மறுத்துவிட்டார்.

★ எந்த ஊகமும் செய்யாமல் இருந்தவர் பிரித்தானிய எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங். 2007இல், 88 வயதை எட்டும் தறுவாயில், லண்டனில் கடைக்குப் போய்விட்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். வாசலில் கமராக்கள். என்னவென்று கேட்டால் நோபல். அப்படியே வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பேட்டி கொடுத்தார்.

★ 2018இல் பரிசே அறிவிக்கப்படவில்லை. அகடமி உறுப்பினர் ஒருவரின் கணவர்மேல் பாலியல் குற்றச்சாட்டுகள். வெற்றியாளர் பெயர்களை முன்கூட்டியே கசியவிட்டார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. பாலியல் குற்றத்துக்காக அவர் சிறை சென்றார். அந்த வருடப் பரிசை 2019இல் சேர்த்துக் கொடுத்தார்கள். வென்றவர் போலந்தின் ஒல்கா தொக்கார்ச்சுக்.

★ ஊகிக்க ஓரளவு நம்பகமான வழி ஒன்று உண்டு: சர்வதேச புக்கர் பட்டியலைப் பாருங்கள். அலிஸ் மன்றோ, லாஸ்லோ கிரஸ்னஹோர்க்காய், ஹான் காங், தொக்கார்ச்சுக் நால்வரும் முதலில் அதை வென்று பிறகு நோபல் பெற்றவர்கள். நோபல் பெற்ற அனி எர்னோவும் பொஸ்ஸேயும் அதற்கு முன் அதன் குறும்பட்டியலில் இருந்தவர்கள். காரணம் எளிது. அந்தப் பட்டியலுக்கு வந்தவரின் புத்தகம் நல்ல ஆங்கிலத்தில் எங்கும் கிடைக்கும். ஸ்டொக்ஹோம் மேசையிலும் கிடைக்கும்.

நம் பக்கத்துப் பெயர்கள்

★ 1913இல் தாகூரைப் பரிந்துரைத்தவர் ஒரே ஒருவர், ஆங்கிலக் கவிஞர் ஸ்டேர்ஜ் மூர். அவர் அங்கம் வகித்த அதே ரோயல் இலக்கியச் சங்கத்தில் 97 பேர் தோமஸ் ஹார்டியைப் பரிந்துரைத்திருந்தார்கள். வென்றது அந்த ஒற்றைக் கடிதம். தாகூர் தன் பாடல்களைத் தானே ஆங்கிலமாக்கி வைத்திருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

★ திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இலக்கிய நோபலுக்கு 16 தடவை பரிந்துரைக்கப்பட்டவர். ஒரு தடவையும் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயர் 1943இல் போனது. உலகப் போரின் நடுவே அந்த வருடம் இலக்கியப் பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை.

★ வங்க நாவலாசிரியர் தாராசங்கர் பந்தோபாத்யாய 1971இல் பரிந்துரைக்கப்பட்டார். அறிவிப்புக்கு ஒரு மாதம் முன், செப்டம்பரில் காலமானார். அந்த வருடம் வென்றவர்தான் நெரூடா.

★ அந்த நெரூடா 1929–30இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருந்தவர். அப்போது தன் வீட்டு மலக்கூடத்தைச் சுத்தம் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பலவந்தப்படுத்தியதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்தது அவர் இறந்தபின், 1974இல். அசோக ஹந்தகமவின் 'அல்பொராடா' திரைப்படம் இந்தச் சம்பவத்தைப் பேசுகிறது. சிலியில் 2018இல் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கப் பார்த்தபோது பெண்கள் அமைப்புகள் எதிர்த்தது இதற்காகத்தான்.

★ தோட்டத் தொழிலாளர் வம்சத்தில் ஒருவருக்கு நோபல் கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது. 2001இல் வென்ற வி. எஸ். நைப்போல், வட இந்தியாவிலிருந்து டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரன். அங்கே ஒப்பந்தம், இங்கே கங்காணி. கப்பல் ஏற்றிய கை ஒன்றுதான்.

★ நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிறவர்கள் அங்கே சென் மேரிஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை எட்டிப் பார்க்கலாம். 1879இல் இந்த மலைகளில் காலமான புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரோன் அங்கே அடக்கமாகியிருக்கிறார். அவருடைய தங்கை மகளின் மகள் வேர்ஜினியா வூல்ஃப். நோபல் கிடைக்காமலே போன மாபெரும் எழுத்தாளர்களைக் கணக்கெடுத்தால் டோல்ஸ்டோய், ஜோய்ஸ், போர்ஹெஸ் ஆகியோரோடு எண்ண வேண்டிய பெயர்.

★ புக்கரில் இலங்கைக்குக் குறையில்லை. 1992இல் மைக்கல் ஒந்தாச்சி, 2022இல் ஷெஹான் கருணாதிலக்க. 2021 குறும்பட்டியலில் அனுக் அருட்பிரகாசம். 2024இல் வி. வி. கணேசானந்தன் 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்காகப் பெண்கள் புனைகதைப் பரிசை வென்றார். நான்கு பேரும் எழுதுவது ஆங்கிலத்தில்.

★ ஒந்தாச்சி தன் புக்கர் பணத்தைக் கொண்டு, தாயின் பெயரில் கிரேஷியன் பரிசை ஏற்படுத்தினார். ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையருக்கு அது. ஷெஹான் கருணாதிலக்கவின் பெயர் முதலில் வெளியே வந்ததும் அதன் மூலம்தான். இன்று ஊரில் ஒரு பரிசு, நாளை உலகில் ஒரு பரிசு என்பதற்கு நல்ல உதாரணம்.

★ தமிழில் எழுதப்பட்ட நாவல் ஒன்று சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்கு முதன்முதலாகப் போனது 2023இல். பெருமாள் முருகனின் 'பூக்குழி'. ஆங்கிலத்தில் தந்தவர் அனிருத்தன் வாசுதேவன். இந்தப் பரிசை வென்றால் 50,000 பவுணில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்கு.

★ 2025இல் அதே பரிசைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார் பானு முஷ்தாக். மொழிபெயர்த்தவர் தீபா பாஸ்தி. சிறுகதைத் தொகுதி ஒன்று அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் தடவை. சிறுகதையையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட அலிஸ் மன்றோ நோபல் வாங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். மலையகத்தின் பலமே சிறுகதைதான்.

மலையகத்துக்கு எப்போது?

★ மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டிகளில் வென்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்று நூலாயின. லயத்துக் காம்பராவிலும் தோட்டப் பாடசாலையிலும் இருந்து எழுதியவர்களுக்கு அந்தப் போட்டிதான் முதல் மேடை.

★ தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 1979இல் வந்த 'நாமிருக்கும் நாடே' தொகுதி அவர் பெயரை நிலைநிறுத்தியது. 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடிப் போனது. தலவாக்கலையில் தோட்டத்திலேயே வாழ்ந்து கவிதையும் கதையும் ஓவியமும் தந்தவர் மல்லிகை சி. குமார்.

★ நம்மில் உலகத்தை நோக்கி முதலில் கதவைத் தட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலை எம்.பி. ஆனவர். கொழுந்துக் கூடையின் கதையை ஆங்கிலத்திலேயே கவிதையாக எழுதினார். தாகூர் 1934இல் இலங்கை வந்தபோது அவரைச் சந்தித்துத் தன் ஆங்கில இசை நாடகத்தையும் கையில் கொடுத்தார். அந்தக் கொழுந்துக் கூடைக் கவிதையைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழுக்குத் திருப்பியவர் சக்தீ பாலையா.

★ நோபலுக்கு யார் பரிந்துரைக்கலாம்? முன்பு பரிசு பெற்றவர்கள், அகடமிகளின் உறுப்பினர்கள், நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் எழுத்தாளர் சங்கங்களின் தலைவர்கள். அத்தோடு பல்கலைக்கழகங்களின் இலக்கிய, மொழியியல் பேராசிரியர்கள். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் கற்பிக்கும் பேராசிரியருக்கும் அந்த உரிமை உண்டு. தனக்குத் தானே பரிந்துரைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

★ ஆனால் கடிதம் போட்டால் போதாது. 16 கடிதம் போயும் கிடைக்காதவர் உண்டு, ஒரே கடிதத்தில் கிடைத்தவரும் உண்டு. கடிதத்தோடு, அகடமிக்காரர்களுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் நாலைந்து நல்ல புத்தகங்களும் போக வேண்டும். இலங்கைத் தமிழ், சிங்களப் படைப்புகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு எச். ஏ. ஐ. குணதிலக்க பரிசு என்று ஒன்று உள்நாட்டிலேயே இருக்கிறது. ஆகவே வருகிற ஒக்டோபரில் "தமிழுக்கு எப்போது நோபல்?" என்று யாராவது கேட்டால், "இந்த வருடம் எந்தத் தமிழ்ப் புத்தகத்தை யார் மொழிபெயர்க்கிறார்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் பந்தயம் கட்டலாம்.