மனம் கொதிக்கும் நேரத்துக்கு ஒரு வகுப்பு

இரண்டு முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை என்றால், 'என்னை விட்டுட்டாங்க' என்று நெஞ்சு பதறுகிறது. அடுத்த நிமிடம் கோபம் தலைக்கேறுகிறது, அதற்கடுத்து கை பிளேடைத் தேடுகிறது. வீட்டில் இதற்கு அடம், திமிர், நடிப்பு என்று பெயர். மனநல மருத்துவர்கள் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார்கள். நடிப்பு இல்லை, உண்மையான வலி. மாத்திரை இதற்குத் துணை மட்டும்தான். பேச்சுவழிச் சிகிச்சையே பிரதானம்.

அந்தச் சிகிச்சைகளில் பேர்பெற்றது அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி). அதன் முதல் ஆய்வு முடிவு 1991இல் வெளியானது. 1961இல், 17 வயதில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் அவர். அதை 2011இல்தான் வெளியே சொன்னார்.

டிபிடியின் குழு, அழுது தீர்க்கும் கூட்டம் அல்ல, வகுப்பு. வாரம் ஒருநாள், சுமார் இரண்டரை மணி நேரம். ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் யார் முகம் வாடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். போன வார வீட்டுப்பாடம் முதலில். கையை அறுத்துக்கொண்ட கதையை அங்கே விவரிக்கக் கூடாது. ஒருவர் சொன்னால் இன்னொருவருக்கும் அந்த எண்ணம் தொற்றும். கற்றுத்தருவதோ கைக்கு அடக்கமானவை: கொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது மூச்சைப் பிடித்து, முகத்தைக் குளிர்ந்த நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் இதயத்துடிப்பு தணியும். (இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.) கோபப்படாமல் கேட்பது, மனம் நோகாமல் மறுப்பது எல்லாம் ஒத்திகை பார்க்கப்படும்.

99 பெண்களிடம் நடந்து 2015இல் வெளிவந்த லினஹானின் ஆய்வில், இந்தத் திறன் வகுப்பு இருந்த சிகிச்சைகளில் சுயகாயம் கூடுதலாகக் குறைந்தது. அமெரிக்காவின் அயோவாவில் உருவான 'ஸ்டெப்ஸ்' என்ற 20 வார வகுப்பு, வீட்டாரையும் நண்பர்களையும் சேர்த்துக்கொள்கிறது. நமக்கு இது இன்னும் பொருந்தும். வேலூர் சிஎம்சி மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம்.

உதாரணத்துக்கு, திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூர் போன்ற ஊருக்கு இந்த வகுப்பு எப்படி வரும்? குழுவாக உட்கார்ந்து பேசுவது அங்கே புதிதல்ல. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பழகிய விஷயம்தான். ஆனால் ஊருக்குள்ளேயே நடத்தினால் ரகசியம் தங்காது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுப் பெண் எந்தத் தைரியத்தில் வருவாள்? திண்டிவனத்திலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நடத்தலாம். வாராவாரம் பஸ்ஸுக்கும் ஒருநாள் கூலிக்கும் வழி சொல்லாவிட்டால் நான்காவது வாரம் நாற்காலிகள் காலியாகும். ஒரு வாரம் நேரில், மறுவாரம் போனில் என்று மாற்றிப் பார்க்கலாம். பாடம் தமிழில் இருக்க வேண்டும். உதாரணங்கள் மாமியார் வீட்டிலிருந்தும் கரும்புக் காட்டிலிருந்தும் வர வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தினர் ஒரு குழுவையாவது தொடங்க வேண்டும். அதுவரை, வீட்டில் யாராவது இப்படித் தவித்தால் திட்டாதீர்கள், பூச்சிமருந்தைப் பூட்டிவையுங்கள், 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் 'டெலி மானஸ்', கட்டணம் கிடையாது, இரவிலும் தமிழில் பேசலாம்.